கேட்டலாக் எழுதியவரே விமர்சனமும் எழுதலாமா?

கேள்வி: ஒரு கேலரிக்காக அவர்களின் கண்காட்சிக் கேட்டலாக்கில் கட்டுரை எழுதினேன், பணமும் வந்துவிட்டது. இப்போது ஒரு பத்திரிகை அதே கண்காட்சிக்கு விமர்சனம் கேட்கிறது. அந்த ஓவியங்களோடு மூன்று மாதம் இருந்தவள் நான். எழுதலாமா?

எழுதாதீர்கள். கேட்டலாக் கட்டுரைக்குப் பணம் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை, ஃப்ரீலான்ஸாக எழுதும் பலருக்கு வீட்டுச் செலவே அதில்தான் ஓடுகிறது. ஆனால் விமர்சனம் படிக்கிறவர், படம் மோசமாக இருந்தால் இவர் மோசம் என்று சொல்லியிருப்பார் என்று நம்பித்தான் படிக்கிறார். நீங்கள் நேர்மையாகவே எழுதினாலும், கேலரியிடம் பணம் வாங்கியவர் என்று பின்னால் தெரியவந்தால் அந்த ஒரு கட்டுரை மட்டுமல்ல, அதற்கு முன்னால் எழுதியது எல்லாமே சந்தேகத்துக்குள் போய்விடும். எடிட்டரிடம் விஷயத்தை அப்படியே சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் விமர்சனத்துக்குப் பதில் ஓவியரோடு ஒரு பேட்டி தரலாம், கேட்டலாக் எழுதியவர் நீங்கள்தான் என்ற வரியும் அதன் கீழே வரட்டும்.

கேள்வி: எடிட்டிங்குக்கு வார்த்தைக் கணக்கில் ஒப்புக்கொண்டு நொந்துபோனேன். எப்படித்தான் கூலி பேசுவது?

பிரதியைப் பார்க்காமல் தொகை சொல்லாதீர்கள். நான் நடுவிலிருந்து இரண்டு பக்கம் கேட்டு வாங்குவேன், ஏனென்றால் முதல் பக்கத்தை எல்லோரும் இழைத்துத்தான் அனுப்புவார்கள். அந்த இரண்டு பக்கத்தைத் திருத்த எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ அதை வைத்து மொத்தத்துக்கும் கணக்குப் போடுவேன். எத்தனை சுற்றுத் திருத்தம், வேலை பாதியில் நின்றுபோனால் எவ்வளவு என்பதெல்லாம் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

அப்புறம், ஓவியப் புத்தகமானால் படத்துக்குக் கீழே வரும் கேப்ஷன் வேலையைத் தனியாகக் கணக்கில் சேருங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அறுபது படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), அளவு, யாருடைய சேகரிப்பு, யார் எடுத்த புகைப்படம் என்று ஏழு விவரம், ஆக நானூற்றுச் சொச்சம் இடங்களை மூலப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஓவிய அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து என்பதுதான் வழக்கம், யாராவது மாற்றிப் போட்டால் நிற்கிற படம் காகிதத்தில் படுத்துவிடும். ஒரு முறை இரண்டு படங்களின் கேப்ஷன் இடம் மாறியதை நான் கவனிக்காமல் விட்டேன், அச்சான பிறகு ஒவ்வொரு பிரதிக்குள்ளும் திருத்தச் சீட்டு வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஓவியர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை உறுத்துவது அதுதான்.

கேள்வி: நான் ஓவியக் கல்லூரியில் படிக்கவில்லை. கலை பற்றி எழுதலாமா?

தாராளமாக. பாரிஸின் சலோன் என்ற கலைக் கண்காட்சிகளைப் பற்றி 1759 முதல் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோ ஓவியர் இல்லை. ஷார்தான் போன்ற ஓவியர்களோடு பேசிப் பேசித்தான் கண்ணைப் பழக்கிக்கொண்டார். அவர் எழுதியது வெளிநாட்டு அரசவைகளுக்குக் கையெழுத்துப் பிரதியாகப் போனது, கூடவே படம் கிடையாது, பார்க்காதவருக்குக் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்தது. இன்று படத்தைப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறோம், அதனாலேயே பலர் பார்த்ததைச் சொல்லாமல் நேராகக் கருத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரே ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள், போன் பைக்குள் இருக்கட்டும். பார்த்ததை மட்டும் ஒரு பக்கம் எழுதி, அந்தப் படத்தைப் பார்க்காத நண்பரிடம் வாசித்துக் காட்டி, தோராயமாக வரையச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறி நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியிலிருந்து திரும்ப எழுத ஆரம்பியுங்கள்.