காது எழுப்பும் ஒலி

கேள்வி: எங்கள் பெண் குழந்தை பிறந்து 20 நாட்கள் ஆகின்றன. பிறந்த மறுநாள், அவள் தூங்கும்போது காதில் ஏதோ செருகி 'ஓ.ஏ.இ.' என்ற பரிசோதனை செய்தார்கள். இடது காதுக்கு 'பாஸ்', வலது காதுக்கு 'ரெஃபர்' என்று வந்தது. மறுபடி வரச் சொன்னார்கள். ஆனால் கைதட்டினால் குழந்தை திடுக்கிடுகிறாள். காது நன்றாகவே கேட்கிறது, வீணாக அலைய வேண்டாம் என்கிறார் என் மாமியார். தூங்கும் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஒரு கருவிக்கு எப்படித் தெரியும்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்தக் கருவி குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை. காது எழுப்பும் ஒலியைக் கேட்கிறது. ஆம், காது ஒலி எழுப்பும். அந்த ஒலியின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் 'ஓ.ஏ.இ.'. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவில், சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலி வந்ததும் இவை நீண்டும் சுருங்கியும் அந்த அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அப்போது எழும் அதிர்வில் சிறு பகுதி வந்த வழியே திரும்பி, நடுச்செவி எலும்புகளைக் கடந்து செவிப்பறையை அசைக்கிறது. காதில் செருகிய முனையில் குட்டி ஒலிபெருக்கியும் மைக்கும் இருக்கும். ஒலிபெருக்கி 'டிக்' என்று ஒலித்தால், ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் காதின் மறுமொழி மைக்கில் பதிந்துவிடும். நம் காதுக்கு எட்டாத அளவு மெல்லிய ஒலி அது. பின்னாளில் வானியலாளராகப் புகழ்பெற்ற தாமஸ் கோல்டு, காது இப்படி ஒலி எழுப்பக்கூடும் என்று 1948இலேயே சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் அதை அளந்து காட்டினார்.

இனி உங்கள் 'ரெஃபர்'. அதற்குக் காது கேட்காது என்று பொருள் இல்லை. மறுமொழி பதிவாகவில்லை, மீண்டும் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். பிறந்த மறுநாள் செய்த பரிசோதனை என்பதைக் கவனியுங்கள். அப்போது காதுத் துளையில் பிறப்பின்போது ஒட்டிய வெள்ளைப் படிவும், நடுச்செவியில் திரவமும் மிச்சமிருப்பது சகஜம். இந்தப் பரிசோதனையில் ஒலி நடுச்செவியைப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இருமுறை கடக்க வேண்டும். சிறு அடைப்பும் அதைக் கெடுத்துவிடும். குழந்தை சிணுங்கினாலோ, அறையில் இரைச்சல் இருந்தாலோ இதே முடிவு வரலாம். இப்படி 'ரெஃபர்' ஆகும் குழந்தைகளில் பெரும்பாலோர் மறுபரிசோதனையில் தேறிவிடுகிறார்கள்.

அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் மாமியாரின் கண்காணிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் பலத்த சத்தம். கூடவே காற்றசைவும் இருக்கிறது. இடது காது நன்றாக இருந்தால் அதுவே குழந்தையைத் திடுக்கிட வைக்கப் போதும். வலது காதைப் பற்றிக் கைதட்டல் எதுவும் சொல்லாது. மேலும், கேட்கும் திறன் சுமார் 30 முதல் 40 டெசிபலுக்கு மேல் குறைந்தாலே, காது எழுப்பும் அந்த ஒலி பொதுவாக மறைந்துவிடும். அந்த அளவு குறைபாடு உள்ள குழந்தையும் கைதட்டலுக்குத் திடுக்கிடும்.

மறுபடி செய்யும்போது இரண்டு காதுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் வலது காது தேறாவிட்டால், அடுத்தது 'பெரா' பரிசோதனை. தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டுவரை போகிறதா என்று பார்ப்பார்கள். ஓ.ஏ.இ.க்கு எட்டாத இடம் அது. மயிர்ச்செல்கள் நன்றாக இருந்து செவி நரம்பு தடுமாறும் குழந்தைகளும் உண்டு, அவர்களுக்கு ஓ.ஏ.இ. 'பாஸ்' என்றே காட்டும். உங்கள் குழந்தை ஐந்து நாட்களுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தாலோ, மஞ்சள் காமாலைக்காக இரத்தம் மாற்றப்பட்டிருந்தாலோ, ஓ.ஏ.இ. முடிவு எதுவானாலும் 'பெரா' செய்துவிடச் சொல்வேன். கடிதத்தில் அது பற்றி இல்லாததால் சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்களுக்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. இந்த வயதில் மயக்க மருந்து இல்லாமலே, தானாகத் தூங்கும்போது 'பெரா'வையும் முடித்துவிடலாம். வளர வளர அது கடினம். போகும் நாளில் காதைப் பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டாம். வீட்டிலேயே பாலைக் கொடுத்துத் தூங்க வைத்துவிடாமல், அங்கே போய்க் கொடுங்கள். பசியாறித் தூங்கிவிட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.