வானத்தில் எஞ்சின் நடுங்கினால்?

கேள்வி: செஸ்னா 152 என்ற சிறு விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். போன வாரம் மழை விட்ட காலையில், திராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) குறைத்து இறங்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. எரிபொருளும் காற்றும் கலக்கிற கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் குமிழை இழுத்தேன், நடுக்கம் அதிகமானது. பயந்துபோய் திரும்ப உள்ளே தள்ளப் போனேன், பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. கார்புரேட்டரில் பனிக்கட்டி என்கிறார் அவர். வெளியே 28 டிகிரி, அதில் எப்படிப் பனிக்கட்டி வரும்?

பதில்: தம்பி, கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கும் இல்லையா, கார்புரேட்டருக்குள் நடப்பதும் அதுதான். எரிபொருள் ஆவியாகிற குளிர்ச்சி, குறுகலான வழியில் காற்று விரைவதால் வரும் குளிர்ச்சி இரண்டும் சேர்ந்து வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். காற்றில் ஈரமும் இருந்தால் உள்ளே பனி படிந்து காற்று போகிற வழியை அடைக்கும். திராட்டில் மூடியிருக்கும்போது அந்த வழி ஏற்கெனவே குறுகல், அதனால்தான் இறங்கும்போது வந்தது.

குமிழை இழுத்ததும் சைலன்சரைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே போய்ப் பனியை உருக்குகிறது, உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்குகிறது, நடுங்காமல் என்ன செய்யும்? நடுக்கம் கூடினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அப்போது போய் குமிழை உள்ளே தள்ளிவிடாதீர்கள். இன்னொன்று, அந்தச் சூடே ஓடுகிற எஞ்சின் தருவதுதான், எஞ்சின் நின்றுவிட்டால் சைலன்சர் ஆறிப்போகும், அப்புறம் இழுத்துப் பயனில்லை. அதனால் திராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே இழுத்துவிடுங்கள்.

சரி, அப்படியும் நின்றுவிட்டால்? முதலில் மூக்கை இறக்கி 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) வேகத்தைப் பிடியுங்கள். வேகம் கையில் இருந்தால் 1000 அடி உயரத்துக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் மிதந்து போகலாம். காற்றை எதிர்த்து இறங்குகிற மாதிரி ஒரு வயலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மின்கம்பங்களைத் தேடுங்கள், மேலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். அதன்பிறகே எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) ரிச்சா, அதாவது எரிபொருள் அதிகமாக இருக்கிறதா, தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டும் இயங்குகிறதா, எரிபொருளைக் கையால் செலுத்தும் பிரைமர் பூட்டியிருக்கிறதா என்று கை போகட்டும். நேரமிருந்தால், பேசிக்கொண்டிருக்கிற அலைவரிசையிலேயே மூன்று முறை மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி, ரேடாருக்கு விமானத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700-ஐ வையுங்கள்.

தரையை விட்டு ஏறியதும் சில நூறு அடி உயரத்தில் எஞ்சின் நின்றுபோனால் மட்டும் ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. அந்தத் திருப்பத்தில் வேகம் செத்து, இறக்கை தாங்காமல் போய் விழுந்தவர்கள் நிறைய. எதிரே, கொஞ்சம் இடம் வலமாக, இருக்கிற இடத்தில் இறங்குங்கள். அடுத்த முறை பறக்கும்போது, மேலே போனபின் திராட்டிலை மூடி இதைச் செய்து காட்டச் சொல்லி உங்கள் பயிற்சியாளரிடம் நீங்களே கேளுங்கள்.