காக்டெய்ல் இட்லியில் மது இருக்குமா?

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்திற்குச் சமையல்காரர் எழுதித் தந்த பட்டியலில் ‘காக்டெய்ல் இட்லி’ என்று இருந்ததைக் கண்டு என் மாமியார் பதறிவிட்டார். உரக்கடையிலோ, ‘காக்டெய்லாக அடித்தால் புழு நிற்காது’ என்கிறார்கள். இச்சொல்லுக்கு என்னதான் பொருள்?
– வாசகி, நீடாமங்கலம்

பதில்: அந்த இட்லியில் மது ஒரு துளியும் இல்லை அம்மா, மாமியாரிடம் தயங்காமல் சொல்லுங்கள். மது விருந்துகளில் நின்றபடியே ஒரு கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் செய்த பண்டங்களுக்கு அப்பெயர் வந்தது. பின்னர் மது விலகிப்போய், ‘சிறியது’ என்னும் பொருள் மட்டும் சமோசாவிலும் இட்லியிலும் தங்கிவிட்டது. பட்டியலில் ‘குட்டி இட்லி’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

இதே ஐயத்தை 1806-ஆம் ஆண்டிலேயே ஒரு வாசகர் எழுப்பியிருக்கிறார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகியவை சேர்ந்ததே காக்டெய்ல் என்று அவருக்கு விடையளித்தது. கலப்பு என்னும் கருத்து அங்கிருந்து மருத்துவத்துக்கும் பரவியது. 1996 வாக்கில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வழக்குக்கு வந்தபோது, அதையும் காக்டெய்ல் என்றே அழைத்தனர். 1939-இல் சோவியத் படையெடுப்பை எதிர்த்த பின்லாந்து வீரர்கள், எரிபொருள் நிரப்பிய புட்டிக்குச் சோவியத் அமைச்சர் மொலொடோவின் பெயரைச் சேர்த்து ‘மொலொடோவ் காக்டெய்ல்’ என்றனர். பறவைக் கடையில் காக்டெய்ல் என்று விற்பது ஆஸ்திரேலியாவின் காக்கட்டீல் கிளி. ஒலி ஒத்திருப்பதால் நேர்ந்த மயக்கம் அது.

தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத் தேடக் கூடாது என்பதே என் கருத்து. மல்லியும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் தத்தம் நிறம் மாறாமல் வாழைநாரில் சேர்ந்திருக்கும் தஞ்சாவூர்க் கதம்பத்தைப் போல, துண்டு தெரியும் பழக்கலவையைப் ‘பழக் கதம்பம்’ எனலாம். மருந்துக்குக் ‘கூட்டு மருந்து’ என்பதே பொருந்தும்.

உரக்கடைக்காரர் சொன்னதுதான் எனக்குக் கவலை தருகிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்குமான மருந்துகளை ஒரே டாங்கியில் ஊற்றும்போது, ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையாக இருந்தால் கலவை தயிர்போலத் திரிந்து தெளிப்பான் முனையை அடைத்துக்கொள்ளும்; பயிரின் இலையும் கருகக்கூடும். புட்டியின் சீட்டில் கலக்கலாம் என்று குறிப்பிட்டிராத மருந்துகளை, வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் கலக்க வேண்டாம்.