கூட்டை விட்டு வந்த குஞ்சு

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசலில் இருக்கும் நந்தியாவட்டையில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். போன வாரம் காலையில் கோலம் போடப் போனபோது ஒன்று செடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. பறக்கவில்லை, தத்தித் தத்திப் போனது. என் மாமியார், "ஐயோ பாவம், உள்ளே எடுத்துட்டு வந்து கூடையில வை, ரெண்டு சொட்டுப் பால் விடு" என்றார். கணவர், "தொடாதே, மனுஷ வாடை பட்டா தாய் சேர்க்காது" என்றார். நான் எங்கோ படித்திருந்ததை நம்பி, அதைத் தூக்கி அதே செடியின் உள்கிளையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயந்திரம் வரை கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் காணோம். தெருவில் பூனை உண்டு. நான்காவது படிக்கும் என் மகன், "நாமதான் அதைச் சாகவிட்டோமா அம்மா?" என்று கேட்கிறான். மாமியாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் சும்மா விட்டது தப்பா? எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்தது சரி. காணவில்லை என்பதால் அது செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது பிழைத்து அடுத்த வீட்டு வேலிக்குள் போயிருக்கவே நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

சின்னான் என்றும் நாம் சொல்லும் இந்தக் கொண்டைக்குருவியின் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவந்து ஏறக்குறைய 12 நாளில் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். அப்போது அதற்குச் சரியாகப் பறக்க வராது. உடம்பெல்லாம் இறகு மூடியிருக்கும், ஆனால் வால் கட்டையாக இருக்கும். கொண்டை சரியாக எழும்பியிருக்காது. வாயோரத்தில் குஞ்சுக்கே உரிய வெளிறிய தடித்த விளிம்பு தெரியும். பார்ப்பவருக்கு, தவறி விழுந்துவிட்டது என்றுதான் தோன்றும். அது விழவில்லை. நேரம் வந்து தானே குதித்திருக்கிறது.

பறக்கத் தெரியாமல் எதற்கு அவ்வளவு அவசரம்? கூட்டில் இருப்பது அதைவிட ஆபத்து, அதனால்தான். தாயும் தந்தையும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இரையோடு வந்து போகின்றன. ஒவ்வொரு தடவையும் குஞ்சுகள் கத்துகின்றன. காகமும் செம்போத்தும் ஓணானும் பாம்பும் இதைக் கவனிக்காமல் இருக்குமா? ஒரு செம்போத்து கூட்டைக் கண்டுபிடித்தால் ஒரே தடவையில் மூன்றும் போய்விடும். மூன்றும் மூன்று புதரில் பதுங்கியிருந்தால் ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும். அதனால்தான் புதர்களில் கிண்ணம்போல் திறந்த கூடு கட்டும் சிறு பறவைகளில் பலவும், இறக்கை முழுசாகத் தேறும் முன்பே குஞ்சுகளை வெளியே வரவழைத்துவிடுகின்றன.

நாம் கூட்டை வீடு என்று எண்ணிவிடுகிறோம். நம் கண்ணில் வீட்டுக்கு வெளியே தனியாக நிற்கும் சிறு பிள்ளை தொலைந்துபோன பிள்ளை. பறவைக்குக் கூடு முட்டைக்கும் இறகு முளைக்காத உடம்புக்கும் மட்டுமே ஆன இடம். வெளியே வந்த குஞ்சு இரவு தூங்கக்கூட அங்கே திரும்புவதில்லை. பிடித்து உள்ளே வைத்தாலும் மறுபடி குதிக்கும். அந்தக் களேபரத்தில், இன்னும் தயாராகாத மற்றக் குஞ்சுகளும் பயந்து குதித்துவிடுவது உண்டு. நீங்கள் கூட்டில் வைக்காமல் கிளையில் வைத்தீர்களே, அது மிக நல்ல யோசனை.

சாயந்திரம் வரை கத்தியது என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தம்தான் அதன் உயிரைக் காப்பது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று தாய் தந்தைக்குச் சொல்வது அது. கூட்டை விட்ட பிறகும் இரண்டு பறவைகளும் பல நாட்கள் அந்தச் சத்தத்தைத் தேடிப்போய்ப் பூச்சியும் புழுவும் ஊட்டுகின்றன. ஒவ்வொரு நாளும் குஞ்சு இன்னும் கொஞ்ச தூரம் போகும், இன்னும் கொஞ்சம் உயரத்தில் உட்காரும். இரண்டாம் நாள் அதே கிளையில் அது இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

உங்கள் கணவர் சொன்னது நம் ஊரில் எல்லோரும் சொல்வது, கேட்டுக் கேட்டு உண்மைபோல் ஆகிவிட்டது. மனித வாடைக்காக எந்தப் பறவையும் தன் குஞ்சைத் தள்ளிவைப்பதில்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்பது புரிகிறது. குஞ்சைத் தொட்டவர்கள் அங்கேயே நின்று பார்க்கிறார்கள். ஆள் நிற்கும் இடத்துக்குத் தாய் வராது. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, "பார்த்தியா, தொட்டதும் ஒதுக்கிடுச்சு" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தாய் பக்கத்து மரத்தில் வாயில் பூச்சியோடு, நாம் எப்போது நகர்வோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு மணி நேரமாவது பாருங்கள். அப்போதும் வராவிட்டால்தான் அடுத்ததை யோசிக்க வேண்டும்.

மாமியாரின் மனசு தங்கம். பால் மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பறவை பால் குடித்து வளரும் உயிர் இல்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சத்து அதன் குடலில் கிடையாது. வாயில் சொட்டு விடுவது அதைவிட மோசம், தண்ணீராக இருந்தாலும்தான். குஞ்சின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பக்கத்திலேயே திறந்திருக்கிறது. நாம் அன்போடு விடும் சொட்டு நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அதற்கு வேண்டிய ஈரம் புழு பூச்சியிலேயே கிடைத்துவிடுகிறது. சோறு, இட்லி, ரொட்டி எல்லாம் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அவற்றையே தின்று வளரும் குஞ்சின் எலும்பு வளைந்துபோகும்.

தப்பித்தவறிப் பிழைத்தாலும் பாருங்கள், எது இரை, எங்கே ஒளிவது, எந்தச் சத்தம் கேட்டால் அசையாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சில நாட்களில்தான் குஞ்சுக்குப் படியும். சின்னான் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் தோட்டத்தில் இருக்கும் மற்றப் பறவைகள்கூடக் கவனிக்கும். அந்தப் பாடத்தை அட்டைப்பெட்டிக்குள் நாம் எப்படி நடத்துவது? கையில் வளர்ந்த பறவை யாரைக் கண்டாலும் தோளில் வந்து உட்காரும். அடுத்த தெருப் பையனின் கல்லுக்கும் அது பயப்படாது. கிளியையும் மைனாவையும் இப்படி எடுத்து வளர்த்து, பிறகு கூண்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அந்தக் கூண்டைப் பார்க்கப் பொறுக்காது.

இனி, எடுத்தே ஆக வேண்டிய சமயங்கள்.

கண் திறக்காத, இறகு முளைக்காத, அல்லது இறகெல்லாம் முள் முள்ளாய்க் குருத்துவிட்ட நிலையில் தரையில் கிடக்கும் குஞ்சு உண்மையாகவே விழுந்த குஞ்சுதான். கூடு கைக்கு எட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். வைக்கும் முன் உள்ளங்கைக்குள் பொத்தி, சூடேறும்வரை காத்திருங்கள். குளிர்ந்துபோன குஞ்சு வாயைத் திறக்காது. வாய் திறக்காத குஞ்சுக்குத் தாய் ஊட்டாது. காற்றில் கூடே பிய்ந்து விழுந்திருந்தால், ஒரு கொட்டாங்குச்சியின் அடியில் மழைநீர் வடிய ஓட்டை போட்டு, காய்ந்த புல்லைப் பரப்பி, அதே செடியில் நிழலான இடத்தில் கட்டுங்கள். பஞ்சும் நூலும் வேண்டாம், விரலிலும் நகத்திலும் சுற்றிக்கொள்ளும். குஞ்சுகளின் சத்தம் கேட்டால், நாம் கட்டிய கூடு என்று தாய் பெரும்பாலும் பேதம் பார்ப்பதில்லை.

பூனை வாயில் பட்டதென்று சந்தேகம் வந்தாலே மருத்துவம் தேவை. வெளியே காயம் தெரியாது. ஊசிமுனை அளவு பல் பட்டாலும் பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றைக்கே மருந்து கொடுத்தாக வேண்டும்.

உங்கள் டெல்டாப் பக்கத்தில் இன்னும் இரண்டு பறவைகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பனை ஓலையின் அடியில் இறகை எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரன் ஒன்று. நீளமான ஒல்லி இறக்கை, இத்துனூண்டு கால். இதன் குஞ்சு பறக்கத் தெரிந்த பிறகுதான் கூட்டை விடும். ஆகவே அது தரையில் கிடந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. அதற்கு நடக்கவும் தத்தவும் வராது, தரையில் விட்டுவிட்டால் அங்கேயே கிடந்து செத்துப்போகும். இன்னொன்று கூகை. கோபுர மாடங்களிலும் பழைய கட்டடங்களிலும் குஞ்சு பொரிக்கும். விழுந்த குஞ்சைக் கூகை பொதுவாகத் தரைக்கு வந்து கவனிப்பதில்லை. பகலில் காகங்கள் சூழ்ந்துகொண்டு கொத்தும். அபசகுனம் என்று மனிதர்களும் அடிக்க வருவார்கள். வயலில் எலி பிடித்து நம் நெல்லைக் காப்பாற்றும் பறவை அது. நகம் கூர்மை, கனமான துணியைப் போட்டு எடுங்கள். விழுந்த மாடம் எதுவென்று தெரிந்து, பத்திரமாக ஏற முடிந்தால் அங்கேயே விடலாம்.

காகக் குஞ்சு தரைக்கு வரும் நாட்களில் பெரிய காகங்கள் போகிறவர் வருகிறவர் தலையில் அடிக்கும். கொஞ்ச நாள் வேறு வழியாகப் போனால் போதும்.

எடுக்க நேர்ந்தால், மூடியுள்ள அட்டைப்பெட்டியில் காற்றுப் போகத் துளை போட்டு, பருத்தித் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இருட்டும் அமைதியும் இருக்கட்டும். திறந்து திறந்து பார்க்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், எதுவும் ஊட்ட வேண்டாம். நேரே கால்நடை மருத்துவமனைக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேளச்சேரியில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது.

உங்கள் மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்ளும் வயதுதான். அந்தக் குஞ்சு பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். சின்னான் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முட்டை இடும், வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. அத்தனை குஞ்சும் தப்புவதில்லை என்பதால்தான் அவ்வளவு முட்டை. ஆனால் அவன் அம்மா அதைச் சாகவிடவில்லை. தாய் தந்தையிடமிருந்து பிரிக்காமல், தரையிலிருந்து கிளைக்கு ஏற்றிவிட்டார். அதற்கு மேல் ஒரு மனிதரால் செய்யக்கூடியது பூனையையும் நாயையும் ஒரு வாரம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது. அதை அவனிடமே ஒப்படையுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன் செய்யலாம்.

மற்ற இரண்டு குஞ்சுகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவையும் இதற்குள் கிளம்பியிருக்கும். பெற்ற பறவைகள் இந்த வருஷமே உங்கள் தோட்டத்தில் மறுபடி கூடு கட்டலாம், அநேகமாகப் புதுக் கூடாகவே கட்டும். அதனால் இப்போதைக்கு நந்தியாவட்டையைக் கழித்துவிட வேண்டாம். செடிகளுக்குப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். இலையைத் தின்னும் அந்தப் பச்சைப்புழுக்களைத்தான் குஞ்சுகளுக்கு அவை கொண்டுபோய் ஊட்டுகின்றன.

அன்புடன்.