வடிகலன் வைக்கலாம், வெட்டிவேருக்கு

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பழைய அரிசி ஆலைக் கட்டடம் சும்மா கிடக்கிறது. கோவாவில் ஒரு குடும்பமே நடத்தும் சிறு மதுவடிப்பாலையையும், வருகிறவர்கள் சுவைத்துப் பார்த்து வாங்கும் கூடத்தையும் கண்டுவந்த என் மகன், இங்கேயும் அப்படித் தொடங்கலாம் என்கிறான். சம்மதிக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: அம்மா, தன் கையால் வடித்ததை வாங்குபவர் முன்னால் வைத்து விற்க வேண்டும் என்ற உங்கள் மகனின் ஆசை நல்ல ஆசை. ஆனால் மதுவுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, உரிமம் இன்றி மது வடிப்பதையும் அதற்கான கலன்களை வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. சில்லறை மதுக்கடைகள் 2003 முதல் டாஸ்மாக் வசம் இருப்பதால், நீங்கள் நினைக்கும் சுவைக்கூடத்துக்கு இங்கே வழியில்லை. வீட்டளவில் சோதித்துப் பார்க்கிறேன் என்று தொடங்குவதையும் அனுமதிக்காதீர்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதைப் பார்த்தோம்.

வடிக்கும் தொழிலின் மீதுதான் அவருக்கு நாட்டம் என்றால், வெட்டிவேர் எண்ணெயைச் சொல்வேன். வேரைக் கழுவி, நறுக்கி, ஊறவைத்து, நீராவியில் ஏறக்குறைய ஒரு முழு நாள் வடிக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால், கடைசியில் இறங்கும் கனமான, மணம் நிலைக்கச் செய்யும் பகுதி வேரிலேயே தங்கிவிடும். இந்த எண்ணெயின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியிருப்பதால், எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் கலத்தில் ஒரு பகுதி மிதக்கும், ஒரு பகுதி அடியில் தங்கும். அதைப் பொறுமையாகப் பிரிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. நூறு கிலோ காய்ந்த வேருக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். கும்பகோணத்தில் பாத்திரத் தொழில் இருக்கிறதே என்று செம்புக் கலனுக்குச் சொல்லிவிடாதீர்கள். செம்பு பட்டால் எண்ணெயில் பச்சை நிறம் ஏறக்கூடும், துருப்பிடிக்காத எஃகே ஏற்றது.

வேரை நீங்களே பயிரிட வேண்டாம் என்பது என் கருத்து. காவிரிப் படுகையின் களிமண்ணில் வேரை முறியாமல் தோண்டுவது பெரும்பாடு; கடலோர மணற்பாங்கான நிலத்தில் பயிரிடுவோரிடம் வாங்குவதே மேல்.

சுவைக்கூடத்துக்குப் பதிலாக முகர்ந்து பார்க்கும் கூடம் வைக்கலாம். புதிதாக வடித்த எண்ணெயில் கருகல் வாடை கலந்திருக்கும். சில மாதங்கள் வைத்திருந்தால் அது தணிந்து இனிய மணம் மேலெழும். இரண்டையும் காகிதப் பட்டைகளில் தொட்டுக் கொடுத்தால், சுவாமிமலைக்கும் தாராசுரத்துக்கும் வரும் பயணி விலையைக் கேட்பதற்கு முன்பே தரத்தைப் புரிந்துகொள்வார். எண்ணெயோடு சேர்ந்து இறங்கும் வடிநீரைக் குடிக்கக் கொடுக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம், அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ தேவை.

கலன் வாங்குவதற்கு முன், கடலூர் மாவட்டக் கடலோரத்தில் வெட்டிவேர் வடிப்போரிடம் அனுமதி கேட்டு, அடுப்பு மூட்டுவது முதல் எண்ணெய் பிரிப்பது வரை ஒரு வடிப்பு முழுவதும் மகனை உடனிருந்து பார்த்துவரச் சொல்லுங்கள். பிறகும் அவர் வேண்டும் என்றால், ஆலையைக் கொடுங்கள்.