அப்பா வெள்ளைத்தாளில் எழுதிய உயில் செல்லுமா?

செல்லும். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் "அப்பா உயில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறார், பதிவு செய்யவில்லை, சென்னை வீடு எனக்கு என்று எழுதியிருக்கிறார், அண்ணனுக்கு இன்னும் தெரியாது" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு என்னவோ போல ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. நீங்கள் மகள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு உயிலுக்காக நாலு வருடம் உயர் நீதிமன்றத்துக்கு அலைந்தவன் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன்.

பெரம்பூரில் அப்பா பி.எஃப். கடன் போட்டுக் கட்டிய வீடு. முழுக்க அவர் சம்பாத்தியம், அதனால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்க அவருக்கு உரிமை இருந்தது. (பூர்வீகச் சொத்து என்றால் தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் பாருங்கள்.) என் தங்கைக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடமே மாப்பிள்ளை தவறிவிட்டார். கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். 1998இல் அப்பா ஒரு முழு வெள்ளைத்தாளில் தன் கையாலேயே எழுதினார்: அம்மா ஆயுள் உள்ளவரை அனுபவிக்க வேண்டியது, அதன்பின் வீடு தங்கைக்கு. எனக்கும் தம்பிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நிறைவேற்றும் பொறுப்பு, எக்ஸிக்யூட்டர் என்பார்களே, அது என் பெயரில்.

இதைச் சொன்னால் சிலர் "தியாகி வேஷம்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அரசு வேலை இருந்தது, ஓய்வூதியம் வருகிறது. அவளுக்கு அந்த வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்பா 2009இல் போனார், அம்மா 2013இல். அதன் பிறகுதான் உயிலை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். அன்றைய சட்டப்படி சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்துக்கள் எழுதிய உயில் என்றால் உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கியே ஆக வேண்டும். திருச்சியில் என் அத்தை வீட்டுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. இப்போதைய நிலையை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புரொபேட் வேண்டுமோ வேண்டாமோ, நாளைக்கு ஒருவர் "இது எங்கப்பா கையெழுத்தே இல்லை" என்று நின்றுவிட்டால் உயிலை நிரூபித்துத்தான் ஆக வேண்டும்.

வக்கீல் உயிலைப் படிக்கக்கூட இல்லை. கடைசியில் இருந்த இரண்டு கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இதில் யார் உயிரோடு இருக்கிறார்?" என்றுதான் கேட்டார்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சி வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அவர் கண்முன்னே இவர்களும் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பின்னால் வழக்கு வந்தால் இவர்களில் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். பதிவு ஆகிவிட்டது, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

அப்பாவின் இரண்டு சாட்சிகளில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார். இன்னொருவர் அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். உயிலில் இருந்தது அவருடைய பழைய குவார்ட்டர்ஸ் முகவரி. ஓய்வு பெற்றோர் சங்கம், அவர் கும்பிடும் கோயில், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை என்று தேடித் தேடி மூன்று மாதம் கழித்து தென்காசி பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. வயது 81, கை நடுக்கம், பயணம் செய்ய முடியாது.

இதற்குள் தம்பி ஆட்சேபம் போட்டிருந்தான். மனுவாக இருந்தது வழக்காக மாறிவிட்டது. நீதிமன்றம் ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, சாட்சியத்தைப் பதிவு செய்ய மாமாவின் வீட்டுக்கே அனுப்பியது.

ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் வக்கீல் உயிலின் கலர் நகலை அவர் மடியில் வைத்தார். உயில் முழுக்க நீல மை. அப்பாவின் கையெழுத்து மட்டும் கறுப்பு. "யாரோ நீலத்தில் எழுதியதில் பிறகு வேறு யாரோ கறுப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அப்படித்தானே?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாமா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அது ஆடிக்கொண்டே இருந்தது. "அவன் பேனாவுல மை தீர்ந்துபோச்சு. என் பேனாவை வாங்கித்தான் போட்டான். அதே பேனாவுலதான் நானும் போட்டேன், பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். அவர் கையெழுத்தும் கறுப்பு.

அந்தப் பதிலை வைத்துத்தான் வழக்கு எங்கள் பக்கம் நின்றது. அடுத்த வருடமே மாமா காலமாகிவிட்டார். சாட்சி இரண்டுமே இல்லாமல் போனால் அவர்கள் கையெழுத்தைத் தெரிந்தவர்களை வைத்து நிரூபிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்று வக்கீல் சொன்னார். ஆனால் அந்தப் பேனாவைப் பற்றி வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

எதிர்த்தரப்பைவிட என்னை அதிகம் அலைய வைத்தது அம்மாவின் பெயர். அம்மா வசந்தா. தமிழில் ஒரே எழுத்துதான். ஆங்கிலத்தில் ஆதாரில் ஒரு மாதிரி, பாங்க் பாஸ்புக்கில் ஒரு மாதிரி, அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எத்தனை பிரமாணப் பத்திரம் வாங்கினேன் என்று கணக்கில்லை. தமிழ்நாட்டில் தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே பார்த்து ஏற்றுக்கொள்ள ஒரு அலுவலகத்துக்கும் மனம் வரவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லாருடைய பெயரும் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

உங்கள் அப்பா நன்றாக இருக்கும்போதே சாட்சிகள் யார் என்று பாருங்கள். அவர் வயதை ஒத்த நண்பர்கள் என்றால், அவரைவிட இருபது வயது குறைந்த, ஊரிலேயே இருக்கக்கூடிய இரண்டு பேரை வைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். கடைசியாக எழுதியதுதான் செல்லும், அதனால் தேதி அவசியம். உங்கள் வீட்டுக்காரர் சாட்சியாக வேண்டாம், வீண் சந்தேகம் வரும். அண்ணனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரியாவது இருக்கட்டும். எங்கள் அப்பா "இளைய மகனுக்குக் கடை வைக்கப் பணம் கொடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். தீர்ப்பில் அந்த வரியை எடுத்துச் சொல்லியிருந்தார்கள். பதிவும் செய்துவிடுங்கள், கூடுதல் பலம்தான். அப்பாவால் நடக்க முடியாது என்றால் மனுக் கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார்.

2018இல் தீர்ப்பு வந்தது. தங்கை அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அன்றைக்கு நீதிமன்ற வாசலில் தம்பி என்னிடம் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். "அப்பா ஏண்ணே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு வரவில்லை.

உங்கள் அண்ணனிடம் நீங்கள் சொல்லாதீர்கள். அப்பாவைச் சொல்ல வையுங்கள். அடுத்த முறை அண்ணன் ஊருக்கு வரும்போது, சாட்சிகளும் கூட இருக்கும்போது.