இத்தாலியின் மொன்சா கார் பந்தயத் திடலில் உள்ள சாய்வான பழைய தடத்தில் இப்போது ஏன் பந்தயம் நடப்பதில்லை?

1961 விபத்துதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை.

இத்தாலிய கிராண்ட் பிரியின் முதல் பந்தயம் 1921இல் பிரெஸ்சியா அருகே நடந்தது. மறு ஆண்டே மிலான் பக்கத்தில் மொன்சா பூங்காவுக்குள் தனித் தடம் கட்டி அங்கே மாற்றினார்கள். நீங்கள் படங்களில் பார்க்கும் கான்கிரீட் சாய்தளம், அதாவது வளைவுகளில் ஒருபக்கம் சாய்ந்து உயரும் தடம், 1955இல் எழுந்தது. சாய்வில்லாத சாலைத் தடத்தோடு சேர்த்தால் ஒரு சுற்று 10 கிலோமீட்டர். மேற்பரப்பு கரடுமுரடு, ஓடும் கார் அதிர்ந்து நொறுங்கும். ஆபத்து என்று சொல்லி 1960இல் பிரிட்டிஷ் அணிகள் பந்தயத்தையே புறக்கணித்தன.

1961இல் இரண்டாவது சுற்றில் ஃபெராரி ஓட்டிய வான் டிரிப்ஸின் காரும் ஜிம் கிளார்க்கின் லோட்டஸும் உரசின. வான் டிரிப்ஸும் பார்வையாளர்கள் 15 பேரும் இறந்தார்கள். ஆனால் அது நடந்தது பரபோலிகா வளைவை நெருங்கும் நேர்ப்பாதையில், சாய்தளத்தில் அல்ல! பழி மட்டும் சாய்தளத்தின் மேல் விழுந்தது. ஃபார்முலா ஒன் பந்தயம் அதன்பின் அங்கே நடக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் 1969 வரை ஓடின.

சாலைத் தடத்திலும் வேகம் குறையவில்லை. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துத் தர, பின்னால் ஒட்டி வருபவர் எளிதாக முந்தலாம். 1971இல் பீட்டர் கெத்தின் 0.01 நொடி வித்தியாசத்தில் வென்றார். முதல் ஐந்து கார்களும் 0.61 நொடிக்குள் கோட்டைக் கடந்தன. என்னைக் கேட்டால் மொன்சாவின் உச்சம் அதுதான். மறு ஆண்டே வேகத்தைக் குறைக்க சிக்கேன் என்னும் குறுகிய நெளிவு வளைவுகள் வந்துவிட்டன.